கலர்க்காரர் வீட்டு மஞ்சள்

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று என் அக்கா வீட்டுக்காரரிடம் யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் ஊமையோ என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம் இருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தாலும் தட்டு காலியாகும், நன்றாக இல்லாவிட்டாலும் தட்டு காலியாகும். எது எந்த நாள் என்று அக்காவுக்குத் தெரியாது. "அவர் அப்படித்தான்டி" என்று எனக்குச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

அத்தானுக்கு அழகு மீன் வளர்க்கிற தொழில். வீட்டின் முன் அறையில் நாற்காலி போட வேண்டிய இடத்திலெல்லாம் கண்ணாடித் தொட்டிகள். பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே சிமெண்ட் தொட்டிகள். காற்றுக் குழாய்கள் சுவர் நெடுக ஓடி எல்லாத் தொட்டியிலும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். விருந்தாளி வந்தால் உட்கார இடமில்லாமல் மீனோடு மீனாக நிற்க வேண்டியதுதான். அக்காவின் மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு அவள் அறையிலும் தொட்டி வந்துவிட்டது. மாடியில் நான் தையல் மெஷினோடு குடியிருக்கிறேன். அங்கே மட்டும் தொட்டி ஏறவிடாமல் நான் காவல் காத்து வருகிறேன்.

தெருவில் அத்தானுக்குப் பெயர் கலர்க்காரர். மற்றவர்களின் தங்கமீன் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடக்கும்போது இவருடையது அடுப்புத் தணலாகச் சிவந்திருக்கும். சாயம் கரைத்து ஊற்றுகிறார், ஊசி போடுகிறார் என்று பொறாமைக்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒரு மண்ணும் கிடையாது, எல்லாம் தீனிதான். மீனுக்குச் சிவப்பைச் சொந்தமாக உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது, தின்றால்தான் வரும். குளத்தில் இருக்கிற மீன் பாசியையும் பூச்சியையும் தின்று நிறம் கட்டிக்கொள்ளும். கண்ணாடிக்குள் அடைத்துப் போட்டால் அது பாசிக்கு எங்கே போகும்? நாம்தான் வாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் அத்தான் ரெண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார். "தானா வராது." யார் வந்து ரகசியம் கேட்டாலும் அவருடைய பிரசங்கம் அத்தோடு முடிந்தது.

தீனி செய்கிற வேலை முழுக்க அக்காவுடையது. செண்டுமல்லியை இதழ் இதழாக ஆய்ந்து, கேரட்டைச் சீவி, சிவப்புக் குடைமிளகாயை நறுக்கி, எல்லாவற்றையும் நிழலில் காய வைப்பாள். வெயிலில் போட்டால் நிறம் ஓடிவிடும். பிறகு தனித்தனியாக அரைத்து டப்பாக்களில் அடைப்பாள். பீட்ரூட்டையும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். தொட்டித் தண்ணீர் சிவந்ததே தவிர மீன் சிவக்கவில்லை. பொடியை நேராக மாவில் கொட்டக்கூடாது. முதலில் எண்ணெய் விட்டுக் குழைத்து, அப்புறம்தான் மாவும் மீன்தூளும் சேர்த்துப் பிசைய வேண்டும். இதுதான் அத்தான் சொல்லிக்கொடுத்த இன்னொரு வாக்கியம். "வெறும் பொடி உடம்புல ஒட்டாது, எண்ணெயில குழைச்சாத்தான் ஒட்டும்." அக்கா அதைச் சொல்லிக் காட்டியே எனக்குச் சிரிப்பு மூட்டுவாள். முப்பது வருஷ வாழ்க்கையில் புருஷன் தனக்குச் சொன்ன நீளமான வார்த்தை அதுதானாம்.

கடைத்தெருவில் ஒரு பழைய கேலி உண்டு. அக்கா சாமான் வாங்கப் போனால் யாராவது ஒருத்தர், "கலர்க்காரர் சம்சாரமா நீங்க? கலரையே காணோமே" என்பார். எங்கள் குடும்பமே கறுப்பு. கலர் என்றால் எங்களுக்கு அடுத்த வீட்டுச் சமாச்சாரம். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, கொசுறாக ரெண்டு கேரட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். அவளுக்கு அது உறைக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

குழப்பம் முதலில் மீனில் ஆரம்பித்தது. அந்த முறை வளர்ந்து வந்த குஞ்சுகள் சிவக்கவே இல்லை. வெறும் மஞ்சளில், அதுவும் தண்ணீர் கலந்த மஞ்சளில், நின்றுவிட்டன. அத்தான் டார்ச் அடித்து அடித்துப் பார்த்தார். தண்ணீரை மாற்றினார். விளக்கை மாற்றினார். தொட்டியின் அடியில் கறுப்புத் தாள் ஒட்டிப் பார்த்தார். பூக்காரர் பழைய பூவைத் தள்ளிவிட்டார் என்று சந்தேகப்பட்டுப் புதுப் பூக்காரரிடம் மாறினார். அப்படியும் வெளுப்புதான். மீன்கடைக்காரர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, கலர்க்காரர் என்கிற பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அத்தான் சிரிக்கவில்லை. தீனியை உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

எனக்கு மீன் எப்படிப் போனால் என்ன என்றுதான் இருந்தது. அப்போதுதான் ஒரு மத்தியானம் அக்கா மாடிக்கு வந்தாள். யாருக்கோ வெள்ளைத் துணியில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் நூல் பொருத்திப் பார்க்கத் துணியின் ஒரு முனையை அவளைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். நூலைப் பார்க்க வேண்டிய நான் அவள் கையைப் பார்த்தேன். வெள்ளைத் துணியின் மேல் அவள் உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. பொடி ஒட்டியிருக்கும் என்று கழுவிவரச் சொன்னேன். கழுவிக்கொண்டு வந்தாள். அப்படியே இருந்தது. சோப்புப் போட்டு நானே தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிர மஞ்சள் போகவில்லை. காலைத் தூக்கு என்றேன். உள்ளங்காலிலும் மஞ்சள். மூக்கோரத்திலும் லேசாக ஓடியிருந்தது.

எங்கள் அம்மா இப்படித்தான் போனாள். முதலில் முகம் மஞ்சளானது, பிறகு சாப்பாடு இறங்கவில்லை, பிறகு கல்லீரல் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். அப்போது எங்களுக்கு விவரம் போதாது. வெயிலில் அலைகிறாள், அதனால் நிறம் மாறுகிறது என்று அக்காவும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அதே மஞ்சள் அக்காவின் கையில் வந்து நிற்கிறது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை நாளாக இருக்கிறது, ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"பொடியிலயே கெடக்கிறேன், ஊறியிருக்கும்டி" என்றாள் அக்கா.

ஊறுவதற்கு மூக்கோரத்திலா பொடி அரைக்கிறாய் என்று கேட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவள். அடுப்பில் பால் இருக்கிறது என்று படியிறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து நான் அவளை வேவு பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்கத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காமாலைக்காரி என்றால் சோர்ந்து படுக்க வேண்டும். இவள் தண்ணீர் வாளியை ரெண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தொட்டிக்கும் குழாய்க்கும் நடக்கிறாள். பசி இருக்காது என்பார்கள். இவள் என் தட்டில் மிச்சம் வைத்ததையும் சேர்த்துச் சாப்பிடுகிறாள். இத்தனைக்கும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. அதில் இன்னொரு வேடிக்கை, அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. கண்ணாடி முன்னால் நிற்காதவள் நின்றாள். தலையைப் புதிதாக வாரினாள். சாகப் போகிறவள் எதற்கு வகிடு மாற்றுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

என் பங்குக்கு நானும் வைத்தியம் பார்த்தேன். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினேன். உடம்புக்குக் குளிர்ச்சி என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கேரட் சாறு பிழிந்து ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தாள். அவ்வளவு ஆசையாக அவள் மருந்து குடித்து நான் பார்த்ததே இல்லை. குடித்து முடித்து, நாளைக்கும் போடுவாயா என்று வேறு கேட்டாள்.

வீட்டுக்குள் ஒரு பக்கம் மீன் வெளுக்கிறது, இன்னொரு பக்கம் பொண்டாட்டி மஞ்சளாகிறாள். அத்தானோ வெளுத்த மீனுக்கு டார்ச் அடிக்கிறார். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. பின்பக்கம் போய் அவர் கையிலிருந்த வலையைப் பிடுங்கித் தொட்டியில் போட்டேன். மீன் கலர் கம்மியானால் ஊரையே புரட்டுகிறீர்களே, என் அக்கா கலர் மாறி நிற்கிறாளே, அது உங்கள் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். தொட்டிக்குப் போடுகிற நீல மருந்து கிருந்து அவள் உடம்பில் சேர்ந்துவிட்டதோ என்று வேறு சந்தேகப்பட்டுக் கேட்டேன். மனுஷன் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், வாயைத் திறந்தார். ஏதோ வரப்போகிறது என்று நின்றேன். திரும்ப மூடிக்கொண்டார். மிதந்துகொண்டிருந்த வலையை எடுத்து உதறினார். மாடிப்படிக்குக் கீழே ஒரு தொட்டியை வலைத்துணி போட்டு மூடி வைத்திருப்பார், அங்கே போய்க் குனிந்துகொண்டார். சீக்கு மீனைப் பிரித்துப் போடுகிற இடம் என்று நினைத்திருந்தேன். சீக்கு மீனுக்குக் கிடைக்கிற கவனிப்பு என் அக்காவுக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி கேட்டுப் பயனில்லை என்று அக்காவை நானே இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அத்தான் சட்டைப் பித்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு பின்னால் வருகிறார். தொட்டிகளைத் தனியே விட்டுவிட்டு அவர் கிளம்பியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா புடவைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டாள். எனக்கு அம்மாவோடு இதே மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா நிதானமானவர். முதலிலேயே அக்காவின் கீழிமையை இழுத்துக் கண்ணைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி இன்னொரு முறை பார்த்தார். நகத்தை அழுத்தினார், வயிற்றை அழுத்தினார். ரத்தம் எடுத்து அங்கேயே சோதிக்கக் கொடுத்தார்கள். முடிவு வருகிற வரைக்கும் நான் வேண்டாத தெய்வமில்லை. வந்த தாளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, காமாலை இல்லை என்றார். காமாலை என்றால் முதலில் கண் வெள்ளை மஞ்சளாகும், இவருக்குக் கண் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது, கல்லீரலும் நன்றாக இருக்கிறது என்றார்.

நான் நம்பவில்லை. காமாலைக் கண்ணுக்குத்தான் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். கண்ணில் ஒன்றும் இல்லாமல் உடம்பெல்லாம் மஞ்சள் என்றால் அது என்ன கணக்கு? டாக்டரம்மா சிரித்துவிட்டு அக்காவிடம் கேட்டார், கேரட், பூசணி, பப்பாளி மாதிரி ஏதாவது அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறாரா என்று. நான் முந்திக்கொண்டு, இந்த மஞ்சள் வந்த பிறகுதான் கேரட் சாறே கொடுத்தேன் என்றேன். அதற்கு முன்னால் என்று அவர் கேட்டார். அக்கா தரையைப் பார்த்தாள். வழக்கமான சாப்பாடுதான் என்றாள். சரி, இது எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டார். நான் வெள்ளைத் துணிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அதுக்கு முன்னாடியே" என்றார் அத்தான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதோ தொட்டி மீனைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மொதல்ல மூக்கோரம் வந்துச்சு. வாசல்ல, முட்டைக்காக அடியில கோலிகுண்டு போட்ட சின்னத் தொட்டிய நான் கழுவிட்டிருந்தேன், இவ டீ கொண்டாந்தா, அப்பப் பாத்தேன். அப்புறம் உள்ளங்கை. கன்னத்துக்குக் கடைசியாத்தான் வந்துச்சு. வெளக்கு வெளிச்சத்துல தெரியாது. காலையில அடுப்பங்கரை ஜன்னல் பக்கம் நின்னா நல்லாத் தெரியும்."

இத்தனை வார்த்தையை இந்த மனுஷன் எங்கே பூட்டி வைத்திருந்தார்? தையல்காரி கண்ணுக்கே வெள்ளைத் துணி வேண்டியிருந்தது. இவர் ஒன்றுமே இல்லாமல் படிப்படியாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். இதற்குச் சந்தோஷப்படுவதா, அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்ல. முதலில் வெளுத்தது, பிறகு அவ்வளவு மஞ்சளுக்கு உள்ளிருந்தும் சிவந்தது. "பாத்தீங்களா?" என்றாள். அவர் தலையாட்டினார். "எல்லாத்தையும் பாத்தீங்களா?" அதற்கும் தலையாட்டினார். உடனே அக்கா, டாக்டரம்மா எதிரில், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள்.

மீனுக்குக் குழைக்கிற பொடியைத்தான் அவள் தின்றிருக்கிறாள். கேரட்டும் செண்டுமல்லியும் கலந்த பொடியை, அத்தான் சொல்லிக்கொடுத்த அதே முறைப்படி எண்ணெய் விட்டுக் குழைத்து, பாலில் போட்டுக் குடித்திருக்கிறாள். முதலில் ஒரு கரண்டி. மீனுக்கு வருகிற நிறம் தனக்கு வர நேரமாகிறதே என்று பிறகு ரெண்டு, மூன்று. பொடிக்குத் தட்டுப்பாடு வந்ததும் மீனுக்குப் போவதைக் குறைத்திருக்கிறாள். மீன் ஏன் வெளுத்தது, அவள் ஏன் மஞ்சளானாள், கேரட் சாற்றை ஏன் அப்படி விழுந்து விழுந்து குடித்தாள் என்று இத்தனை நாளாக நான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். முடிச்சு இந்த ஒரு கரண்டியில் இருந்திருக்கிறது.

எதுக்குடி இந்தக் கேடுகெட்ட வேலை என்று கேட்டேன். மீன்கடைக்காரர் வந்திருந்த ஒரு நாளைச் சொன்னாள். முன் அறைப் பெரிய தொட்டியில் ஒரு கிழட்டுத் தாய்மீன் வெகுகாலமாக இருந்தது. முட்டையிட்டு முட்டையிட்டு ஓய்ந்து, சிவப்பெல்லாம் போய் வெள்ளையாகிவிட்ட மீன். அதைக் காட்டிக் கடைக்காரர் ஏதோ கேட்டிருக்கிறார். அக்கா டீயோடு திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அத்தான் சொன்னாராம், "வயசாயிடுச்சு. கலர் போயிடுச்சு. மாத்திடணும்." மறுநாள் தொட்டியில் அந்த மீன் இல்லை. அதன் இடத்தில் தணல் மாதிரி ஒரு சின்ன மீன் சுற்றிக்கொண்டிருந்தது.

"மீனச் சொன்னதை நீ உன்னைச் சொன்னதா எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் சிரிப்பு இருந்திருக்க வேண்டும்.

"மீனைத்தான் சொன்னாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "நான் என்ன பைத்தியமா? ஆனா தெரிஞ்சா மட்டும்? எனக்கு ஒரு வார்த்தை நல்லா இருக்கேன்னு வந்திருந்தா, அந்தப் பேச்சு மீனோட போயிருக்கும். எனக்குன்னு ஒண்ணுமே வரலை. வந்த ஒரு வார்த்தை அதுதான், ஒட்டிக்கிச்சு."

டாக்டரம்மா மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார். அத்தான் எழுந்து நின்றுவிட்டார். உட்காரவும் தெரியாமல் வெளியே போகவும் தெரியாமல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றார்.

"நான் பாக்குறேன்னு உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்" என்றார் கடைசியில்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படித் தெரியும்? ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, தானா வராதுன்னு. அது மீனுக்கு மட்டும்தானா?"

டாக்டரம்மாதான் பேச்சை மாற்றினார். பயப்பட ஒன்றுமில்லை, பொடியை நிறுத்தினால் மஞ்சள் மெல்ல மெல்லத் தானாகக் கரைந்துவிடும் என்றார். என்னைப் பார்த்து, அந்தக் கேரட் சாற்றையும் நிறுத்திவிடுங்கள் என்றார். அம்மாவுக்கு வந்தது இது இல்லையே என்று நான் மறுபடியும் கேட்டேன். இல்லவே இல்லை என்று என் கையைத் தொட்டுச் சொன்னார். வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று நான் ஒரு பாட்டம் அழுதேன். அக்கா என்னைச் சமாதானப்படுத்தினாள். யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்றே பார்க்கிறவர்களுக்குப் புரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்காவின் முழங்கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனார். அவர் அவளைத் தொட்டு நடத்திக்கொண்டு போனதைப் பார்த்து நான் படியிலேயே நின்றுவிட்டேன். குனிந்து வலைத்துணியை எடுத்தார். உள்ளே அந்தக் கிழட்டுத் தாய்மீன், ஒரு பொட்டுச் சிவப்பு இல்லாமல், வெள்ளை வெளேரென்று சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது. நிழலான இடம், தண்ணீர் தெளிவாக இருந்தது, குஞ்சுகள் இடித்துத் தள்ளாமல் தனியாக ஒரு காற்றுக் குழாய். கடைக்காரரிடம் மாத்திடணும் என்றாரே, அவர் மாற்றியது இடத்தைத்தான். சின்ன மீன்கள் அதன் வாலைக் கடிக்கின்றன என்று பத்திரமான இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"இதுகிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள். "தூக்கிப் போடலை, வச்சுக்கத்தான் கொண்டாந்தேன்னு? பாவம், இதுவும் என்ன நெனச்சுக்கிட்டுச் சுத்துதோ."

அத்தான் மீனைப் பார்த்தார். அதனிடமும் சொல்லவில்லை போலிருந்தது.

அப்புறம் நாள் ஓடியது. தீனியில் பழையபடி பொடி விழுந்ததும் குஞ்சுகள் சிவக்கத் தொடங்கின. கலர்க்காரர் பெயர் தப்பியது. அக்காவின் மஞ்சள், வந்த வழியே திரும்பியது. கன்னத்தில் முதலில் குறைந்தது, மூக்கோரத்தில் கொஞ்சம் தங்கியது. இப்போது நானும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. மஞ்சள் குறையக் குறைய அவள் முகம் வாடியதா, தெளிந்ததா? சில நாள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். என்னடி என்றால் ஒன்றுமில்லை என்பாள். அந்த ஒன்றுமில்லைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மஞ்சள் முழுக்கப் போன ஒரு காலையில் நான் பால் வாங்கக் கீழே இறங்கி வந்தேன். அக்கா அடுப்பங்கரை ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்று கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரை வாசற்படியில் அத்தான் நின்றார். கையில் டார்ச். பகலில் எதற்கு டார்ச் என்று எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது. தொண்டையைச் செருமினார். ஒருமுறை திரும்பிப் போகப் பார்த்தார், நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். மறுபடி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கே" என்றார்.

பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் வந்தது. கரண்டி ஒரு நிமிஷம் நின்றது. அக்கா திரும்பவில்லை.

"வெறும் பொடியா இருக்கு" என்றாள். "எண்ணெய் விட்டுக் குழைச்சுச் சொல்லுங்க. அப்பத்தான் ஒட்டும்."

அத்தான் டார்ச்சை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு அதைத் தண்ணீர்ப் பானை மேல் வைத்துவிட்டு, உள்ளே போய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.